செடிக்குச் சந்தை நிலவரம் தெரியாது

‘ஏலக்காய் விலை விழுந்தால் தோட்டச் செலவை நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம்’ என்கிறார்கள். கணக்கு நோட்டுக்கு இது சரி. போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டங்களில் செல்லாது.

2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்றே ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. பயந்துபோய்க் கவாத்தை விட்டால் என்ன ஆகும்? காய்ந்த தண்டும் சருகும் தூரை மூடும், காற்று புகாது, மழையில் அழுகல் பரவும். அழுகிப்போன செடிக்குப் பதிலாக மறுநடவு செய்தால் காய்ப்புக்கு மூன்றாம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் விலை ஏறினால் ஏலத்துக்குக் கொண்டுபோக உங்களிடம் என்ன இருக்கும்?

செலவைக் குறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. புது நடவைத் தள்ளிப்போடலாம். மண்ணைப் பரிசோதித்து உரத்தை அளந்து போடலாம். நாற்றை விலைக்கு வாங்காமல், நன்றாகக் காய்க்கும் தூரிலிருந்தே பக்கக்கன்று பிரிக்கலாம். விடியலில் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறும் ஆட்களை மட்டும் நிறுத்தாதீர்கள். காய் முற்றிவிட்டதா என்பதை விரல் பட்டதும் அறியும் கை, ஒருமுறை பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் எளிதில் திரும்பாது.