பசியைச் சொல்லாத புழு



கோபிநத்தத்தில் பாட்டி வீடு உள்ள மாணவி ஒருத்தி, விடுமுறை முடிந்து வந்ததும் என்னிடம் ஒரு வினா எழுப்பினாள். காவிரியில் கெண்டையும் கெளுத்தியும் பார்த்தவள் அவள். மைசூரில் ஒரு கடையின் உப்புநீர்த் தொட்டியில், பூவைப் போல விரிந்திருந்த புழுவொன்றைக் கண்டிருக்கிறாள். "ஐயா, அதை நாம் வீட்டில் வளர்க்கலாமா?" என்று கேட்டாள். வளர்க்க இயலும். ஆயினும், அதன் உணவை முதலில் வளர்க்கத் தெரியாதவர் அதை வாங்கலாகாது என்பதே என் கருத்து.

கடைக்காரர்கள் அதனை 'ஃபெதர் டஸ்டர்' என்பர். நாம் விசிறிப்புழு என்போம். தன் உடலில் சுரக்கும் பசையோடு மணலையும் சேற்றையும் குழைத்துக் குழல் ஒன்றைக் கட்டி, அதற்குள் வாழ்வது அது. வெளியே தெரியும் இறகு விசிறிதான் அதற்கு மூச்சுவிடும் உறுப்பு. உணவு திரட்டும் வலையும் அதுவே. விசிறியிலுள்ள நுண்மயிர்கள் நீரை ஓயாமல் இழுக்கின்றன. நீரோடு வரும் துகள்களை அது அளவு பார்த்துப் பிரிக்கிறது: பெரியவற்றைத் தள்ளிவிடும், நடுத்தரமானவற்றைக் குழல் கட்ட வைத்துக்கொள்ளும், மிகச் சிறியவற்றை உண்ணும். கொத்தனாரும் சமையற்காரரும் ஒரே சல்லடையைப் பயன்படுத்துவது போன்றது இது! நிழல் பட்டால் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் விசிறி குழலுக்குள் மறைந்துவிடும்.

கடலிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள நமக்கு முதல் தடை உப்புநீர் என்று பலரும் எண்ணுவர். அது பெரிய தடையன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. சமையல் உப்பை மட்டும் கரைத்தால் அது கடல்நீர் ஆகாது. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியனவும் வேண்டும். இதற்கெனக் கலந்து விற்கும் உப்பைத் தூய நீரில் கரைத்துக்கொள்ளலாம். உண்மையான தடை உணவுதான்.

மீனுக்குப் பசித்தால் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறக்கும். இப்புழுவோ பட்டினி கிடக்கும்போதும் அழகாகவே விரிந்து நிற்கும். என்னுடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் வீட்டில் இதனைக் கண்டேன். தொட்டி நீர் பளிங்குபோல் இருந்தது. அதனைப் பாராட்டியவன் நானே. அந்தத் தெளிவே புழுவுக்குக் கேடாயிற்று. வடிகட்டி அழுக்கோடு அதன் உணவையும் அகற்றிவிட்டது. நான்கு திங்களில் புழு தன் விசிறியை உதிர்த்தது. மீண்டும் முளைத்த விசிறி முன்னதில் பாதியளவே இருந்தது. "புதிதாக முளைத்திருக்கிறது, நலமாகத்தான் இருக்கிறது" என்று நாங்கள் மகிழ்ந்தோம். அடுத்த மாதம் அது குழலைவிட்டு வெளியே வந்து இறந்து கிடந்தது.

அதற்கு வேண்டிய உணவு, உயிருள்ள நுண்பாசி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால், அவற்றுள் சில கூறுகளின் அளவே இருக்கும் பாசி அது. மீன் தீவனத்தைப் பொடித்துப் போட்டால், பெரும்பகுதி உண்ணப்படாமல் அழுகி நீரைக் கெடுக்கும். நன்னோகுளோராப்சிஸ் போன்ற பாசியைப் புட்டிகளில் ஒளியும் காற்றும் கொடுத்து வளர்க்க வேண்டும். ஊட்டும்போது வடிகட்டியைச் சிறிது நேரம் நிறுத்தி, பச்சை நீரைச் சொட்டுக்குழாயால் விசிறிக்குச் சற்றுத் தள்ளி மெல்ல விடவேண்டும். விசிறியின் மீதே பீய்ச்சினால் புழு உள்ளே ஒடுங்கிவிடும். இதனை வாரத்தில் பல நாள் செய்யவேண்டும். தேர்வு வரும், ஊர்ப்பயணம் வரும்; அப்போதும் செய்யவேண்டும்.

"வீட்டில் வளர்த்தால்தானே குழந்தைகளுக்குக் கடல்மீது அன்பு வரும்?" என்பார் சிலர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அவ்வாறாயின், கோமாளி மீனை வளர்க்கலாமே! மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில் அதனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்திருக்கிறார்கள். விசிறிப்புழுவின் நிலை வேறு. சந்தைக்கு வருபவற்றுள் பெரும்பாலானவை கடலிலிருந்தே எடுக்கப்படுகின்றன. ஹவாய்த் தீவுகளில் இவற்றுக்காகப் பாறைகளை உடைத்த வரலாறு உண்டு. மன்னார் வளைகுடாவில், இதன் உறவான கிறிஸ்துமஸ் மரப்புழு உயிருள்ள பவளத்துக்குள்ளேயே குழல் அமைத்து வாழ்கிறது. பவளத்தைச் சிதைக்காமல் அதனை எடுக்க முடியாது. அங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. எனவே, புழு ஒட்டிய பாறைத்துண்டை யாரேனும் விற்றால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். விடை தெளிவாக இல்லையேல் வாங்காதீர்கள்.

வினா எழுப்பிய மாணவியிடம், "மூன்று திங்கள் பாசியை மட்டும் வளர்த்துப் பார், பிறகு பேசுவோம்" என்றேன். சன்னலோரம் இரண்டு புட்டிகள் வைத்திருக்கிறாள். ஒன்று ஒரு வாரத்திலேயே வெளுத்துக் கெட்டுவிட்டது. மற்றொன்று இன்னும் பச்சையாக இருக்கிறது. புழு இன்னும் கடையில்தான் இருக்கிறது.