கச்சேரித் துரையும் வாலிபர் சங்கமும்



வை.எம்.எம்.ஏ., அதாவது முஸ்லிம் வாலிபர் சங்கம், என்றதும் நம்மவருக்குக் கொழும்புதான் ஞாபகம் வரும். அதில் பிழையில்லை. 1950இல் ஊர்ஊராக இருந்த முஸ்லிம் வாலிபர் சங்கங்களைச் சேர்த்து அகில இலங்கைப் பேரவை அமைந்தபோது, அதன் முதல் தலைவர் ஏ.எம்.ஏ. அஸீஸ் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர். ஆனால் அந்தக் கதையின் முதல் அத்தியாயம் நம்ம கல்முனையில் எழுதப்பட்டது என்பதுதான் என் கட்சி.

1942. பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்றுவிட்டது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. நெல் விளையும் பூமி என்று கல்முனையில் அவசரக் கச்சேரி ஒன்றைத் திறந்து, உதவி அரசாங்க அதிபராக அஸீஸை அனுப்பினார்கள். வயது முப்பதுதான். சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். அதனால், காரைதீவுத் தமிழறிஞர் விபுலாநந்த அடிகளோடு அவருக்கு நட்பு உண்டானதில் ஆச்சரியமில்லை. காணியில்லாதவருக்குக் காணி கொடுத்து வெள்ளாமை செய்ய வைத்தார். சனங்கள் ஒரு வயல்வெளிக்கே ‘அஸீஸ் துரைக் கண்டம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கச்சேரித் துரைமார் எத்தனையோ பேர் வந்து போனார்கள், வயலுக்குப் பேராகிறவர் எத்தனை பேர்?

நெல்லோடு அவர் நிற்கவில்லை. அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஊரே கைகொடுக்க வேண்டும் என்ற அந்த எண்ணம், 1945இல் நாடு முழுமைக்குமான கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது. அடுத்த ஐந்தாண்டில் பேரவை.

வாலிபர் சங்கம் என்ற பேரின் அச்சு வெளியிலிருந்து வந்ததுதான். 1844இல் லண்டன் துணிக்கடைச் சிப்பந்தி ஜார்ஜ் வில்லியம்ஸ் தம் 22ஆவது வயதில் தொடங்கிய கிறிஸ்தவ வாலிபர் சங்கம் அதற்கு மூலம். கொழும்பில் பௌத்த வாலிபர் சங்கம் 1898இலேயே வந்துவிட்டது. கெய்ரோவில் முஸ்லிம் வாலிபர் சங்கம் 1927இல். நாம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தோம். ஆனால் அஸீஸ் கையில் அது வெறும் விளையாட்டுக் கழகமாக நிற்காததற்கு, கல்முனையில் அவர் கண்டதும் காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊர்ச் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பு, அழைப்பிதழ், படம் ஏதும் வாப்பாவின் பெட்டியில் கிடந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். கறையான் முந்திக்கொள்ள முன் அச்சிட்டு விடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்