கழற்றுமுன் கண்டறிவோம்

இடம்பெயர்ந்த உழவர் குடும்பங்களிடம் எஞ்சியுள்ள பழைய வாகனம் ஆடம்பரப் பொருளன்று. மரக்கறி மூடை சந்தைக்குப் போவதும், இரவில் நோயாளி வைத்தியசாலைக்குப் போவதும் அதில்தான். அந்த வண்டியில் கியர் விழவில்லை என்றதும், "கிளச் பிளேட் முடிந்துவிட்டது, கியர்பொக்ஸை இறக்க வேண்டும்" என்ற தீர்ப்புக்கு நாம் தலையாட்டி விடுகின்றோம். ஒரு போகத்தின் வருமானம் அதிலே கரைகின்றது. சோதித்துப் பாராமல் கழற்றுவதற்கு இணங்கக் கூடாது என்பதே எமது நிலைப்பாடு.

எல்லாப் பழைய வண்டிகளும் ஒரே வகையல்ல. மொறிஸ் மைனரில் கிளச்சை இயக்குவது இரும்புக் கோல். 1958இல் வந்த இரண்டாம் தொடர் லான்ட் றோவரிலும், 1959இல் வந்த மினியிலும் ஒயிலின் அழுத்தமே அந்த வேலையைச் செய்கின்றது. மிதியை அழுத்த, மாஸ்ரர் சிலிண்டர் ஒயிலைத் தள்ளும். அது குழாய்வழி சென்று கீழேயுள்ள சிலேவ் சிலிண்டரின் தள்ளுகோலை அசைக்கும். இவ்வழியில் எங்கு கசிந்தாலும், காற்றுப் புகுந்தாலும் கிளச் முழுமையாக விலகாது.

எனவே நோயை முதலில் பிரித்தறிவோம். பாரத்துடன் ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வண்டி வேகம் பிடிக்கவில்லையானால், பிளேட் வழுக்குகின்றது. கியர் கரகரத்து, ரிவேர்ஸ் விழ மறுத்தால், கிளச் விலகவில்லை. இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஒயில் வழியையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஒயில் மட்டத்தைப் பாருங்கள். கிளச் ஒயில் தானாகக் குறைவதில்லை. குறைந்தால் கசிவு உண்டு. மிதியின் மேற்புறத்திலும், சிலேவ் சிலிண்டரின் றப்பர் மூடியினுள்ளும் ஈரம் இருக்கின்றதா எனத் தடவிப் பாருங்கள். இரண்டு மூன்று முறை மிதித்த பின்னரே கியர் விழுந்தால், காற்றுப் புகுந்திருக்கலாம். வெளியே கசிவின்றி, அழுத்திய மிதி மெல்லத் தாழ்ந்தால், மாஸ்ரர் சிலிண்டரின் உள் றப்பர் தேய்ந்திருக்கக் கூடும்.

அடுத்து எஞ்சினை நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் தள்ளுகோலைப் பார்க்கட்டும். ஜக்கில் தூக்கிய வண்டியின் கீழ் மட்டும் புக வேண்டாம். பல பழைய பிரித்தானிய வண்டிகளில் கோல் ஏறத்தாழ அரை அங்குலம் நகரும். குறைவாக நகர்ந்தால் கோளாறு ஒயில் வழியில். றப்பர் ஹோஸ் மிதிக்கும்போது ஊதுகின்றதா என்றும் பாருங்கள். கோல் நன்றாக நகர்ந்தும் கியர் விழாவிட்டால் மட்டுமே கியர்பொக்ஸை இறக்கும் பேச்சு எழலாம்.

ஒயில் இல்லையென்று எஞ்சின் ஒயிலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றாதீர்கள். இவ்வண்டிகளின் றப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஒயிலையே ஊற்றுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும், ஆகவே திறந்து கிடந்த போத்தல் வேண்டாம்.

இது மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுக்கும் பேச்சல்ல. நல்ல மெக்கானிக் இதே சோதனையைத்தான் செய்வார். எமது தொழிற்பயிற்சி வகுப்புகள் இளைஞருக்குப் பாகங்களை மாற்றப் பழக்குவதுபோல், கோளாறைக் கண்டறியவும் பழக்க வேண்டும். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் உரிமையாளரின் உரிமையே. நிலத்தை இழந்து நிற்கும் நாம், கையிலிருக்கும் சிறு முதலையும் அறியாமையால் இழக்கலாகாது.