லிங்கன் பிழைத்திருந்தால்

ஆபிரகாம் லிங்கன் அகால மரணமடையாதிருந்தால் உள்நாட்டு யுத்தத்தில் தோற்ற தென் மாகாணங்கள் கருணையோடு அரவணைத்துக் கொள்ளப்பட்டிருக்கும் என்றும், 1865 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு போர்டு நாடகசாலையில் ஜான் வில்க்ஸ் பூத் சுட்ட குண்டே வடக்கத்தியாரின் பழியுணர்ச்சியைக் கிளறிவிட்டு, யுத்தத்துக்குப் பின் தென்னகத்தைச் சீரமைத்த புனர்நிர்மாணத்தைக் கொடுங்கோன்மையாக மாற்றிற்று என்றும் ஓர் அபிப்பிராயம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் வில்லியம் டன்னிங்கும் அவருடைய சீடர்களும் இதற்குச் சரித்திர அந்தஸ்து அளித்தார்கள். 1915-இல் வெளிவந்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற மௌனப் படம் இதைப் பாமரர் மனத்திலும் பதித்தது. கேட்பதற்கு உருக்கமான கதைதான். ஆனால் நடந்தவற்றோடு பொருந்தவில்லை.

பழிவாங்கினார்கள் என்கிறார்களே, யாரை? கொலைச் சதியில் சம்பந்தப்பட்ட நால்வர் ஜூலை மாதம் தூக்கிலிடப்பட்டார்கள். ஆண்டர்ஸன்வில் முகாமில் யுத்தக் கைதிகள் ஆயிரக்கணக்கில் மடிந்ததற்காக அதன் அதிகாரி ஹென்றி விர்ஸ் நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். கலக அரசாங்கத்தின் தலைவரான ஜெபர்சன் டேவிஸோ, மன்ரோ கோட்டையில் இரண்டு வருஷம் அடைபட்டிருந்து, ஜாமீனில் வெளிவந்து, குற்ற விசாரணையே நடவாமல் 1889 வரை உயிர் வாழ்ந்தார். கலகப் படையின் தளபதி லீ ஒரு கல்லூரிக்குத் தலைவரானார். ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களை வாங்கிய யுத்தத்துக்குப் பின் ஜயித்த அரசாங்கம் இதைவிடச் சாந்தமாக நடந்துகொள்வது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

கருணை லிங்கனோடு மறைந்தது என்பதும் தவறு. அடுத்து ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்ஸன், மே 29-ஆம் தேதிப் பிரகடனத்தின் மூலம் கலகக்காரரில் பெரும்பாலோருக்குப் பொது மன்னிப்பு வழங்கினார்; விலக்கப்பட்ட தனவந்தர்களுக்கும், மனுப் போட்டவுடன், ஆயிரக்கணக்கில் மன்னிப்புச் சீட்டுகள் கிடைத்தன. இந்தத் தாராளத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்பதுதான் கேள்வி. அவ்வருஷம் ஜனவரியில் லிங்கனின் சம்மதத்தோடு தளபதி ஷெர்மன் பிறப்பித்த உத்தரவின்படி, தெற்குக் கடற்கரையில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை நிலம் ஒதுக்கப்பட்டு, விடுதலையடைந்த சுமார் 40,000 பேர் அதில் குடியேறிப் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். மன்னிக்கப்பட்ட பழைய எஜமானர்களுக்கே அந்நிலங்களைத் திருப்பிவிடும்படி ஜான்ஸன் கட்டளையிட்டார். அதை அறிவிக்கும் துர்ப்பாக்கியம், விடுதலையடைந்தோரின் நலன் காக்கும் இலாகாவின் தலைவரான தளபதி ஹவர்டுக்கு வாய்த்தது; அக்டோபரில் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் ஒரு தேவாலயத்தில் கூடியிருந்த அம்மக்களிடம் அவர் சொன்னபோது எழுந்த கூச்சல், ஒரு மூதாட்டி பக்திப் பாடலொன்றைத் தொடங்கிய பிறகே அடங்கிற்று. பின்னர் அவர்கள் அனுப்பிய விண்ணப்பமும் பயன்படவில்லை.

லிங்கன் மட்டும் பழைய தென்னகத்தை அப்படியே திரும்ப வரவிட்டிருப்பார் என்று எதைக் கொண்டு சொல்கிறார்கள்? ஏப்ரல் 11-ஆம் தேதி, வெள்ளை மாளிகையின் ஜன்னலருகே நின்று ஆற்றிய கடைசிப் பிரசங்கத்தில், கறுப்பரில் மிக்க அறிவுடையோருக்கும் போர்வீரராய்ச் சேவித்தோருக்குமேனும் வாக்குரிமை அளிப்பதே தமக்கு விருப்பம் என்று அவர் பகிரங்கமாகக் கூறினார். கூட்டத்தில் நின்று அதைக் கேட்டுக் கொதித்தவர்களில் பூத்தும் ஒருவன்.

கொடுங்கோன்மை என்று சொல்ல எஞ்சியது, அமெரிக்கக் காங்கிரஸ் தென் மாகாணங்களில் விதித்த ராணுவ ஆட்சி. அது ஏற்பட்டது கொலை நடந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து, 1867 மார்ச்சில். அதற்குள், வேலை ஒப்பந்தமில்லாத கறுப்பரைத் திரிபவரென்று பிடித்து, அபராதம் கட்ட வழியில்லாவிட்டால் கூலிக்கு ஒப்படைக்கும் சட்டத்தை மிசிசிப்பி இயற்றியாயிற்று. கலக அரசின் உபஜனாதிபதி ஸ்டீபன்ஸையே ஜார்ஜியா செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தாயிற்று. மெம்பிஸ் கலவரத்தில் 46 கறுப்பர் கொல்லப்பட்டாயிற்று. காங்கிரஸை எழுப்பியவை இவையே. அந்த ஆட்சியின்கீழ்க் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வகுத்த அரசியல் சட்டங்களினால்தான், தென் மாகாணங்களில் பெரும்பாலானவற்றில் அரசாங்கச் செலவில் நடக்கும் பொதுப் பள்ளிக்கூட முறை முதன்முதலாக ஏற்பட்டது.