கடன்படாதவர் குற்றவாளியா?

மின்சார இணைப்புக் கேட்டு வருகின்ற ஒருவரிடம் அதனை வழங்குகின்ற நிறுவனம் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்றுதான். கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்துவீர்களா என்பதே அது. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் இன்று வேறொரு கேள்வி கேட்கப்படுகின்றது. இதற்கு முன்னர் எவரிடமாவது கடன் வாங்கியிருக்கிறீர்களா? இல்லை என்பது உங்கள் பதிலானால் நீங்கள் ஐயத்துக்குரியவர்.

"கடன் இல்லாத கஞ்சி கால்வயிறு போதும்" என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த சமூகம் எமது சமூகம். கடன்படாமல் வாழ்வதே இந்நாடுகளில் ஒரு குறையாக எண்ணப்படுகின்றது என்பதை எம்மவர்கள் அங்கு போய் இறங்கிய முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

நடைமுறை இதுதான். தொலைபேசிக்கோ மின்சாரத்துக்கோ எரிவாயுவுக்கோ நீங்கள் விண்ணப்பித்தவுடன், நிறுவனம் ஈக்குவிபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் போன்ற கடன் தகவல் நிறுவனம் ஒன்றிடம் உங்களைப் பற்றி விசாரிக்கின்றது. அமெரிக்காவில் 1989 இல் அறிமுகமான ஃபைக்கோ புள்ளி 300 இலிருந்து 850 வரை செல்லும். கனடாவில் 300 இலிருந்து 900 வரை. வாங்கிய கடனை ஒருவர் எப்படித் திருப்பிச் செலுத்தினார் என்பதையே இந்தப் புள்ளி அளக்கின்றது. அவருடைய வருமானத்தை அது அளப்பதில்லை. சேமிப்பை அளப்பதில்லை. நாணயத்தையும் அளப்பதில்லை. கடன் வாங்காதவருக்குப் புள்ளியே கிடையாது. ஆகவே அவரிடம் வைப்புப் பணம் கேட்கப்படும், அல்லது முற்பணத் திட்டத்துக்குத் தள்ளப்படுவார், அல்லது விண்ணப்பமே மறுக்கப்படும்.

எம்மவர்கள் பெருந்தொகையாக வாழ்கின்ற ஒன்ராறியோ மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள எரிசக்திச் சபையின் விதிகளின்படி, வீட்டுப் பாவனையாளர் ஒருவர் மின்சாரத்துக்கான வைப்புப் பணத்திலிருந்து விலக்குப் பெற வேண்டுமானால், கனடாவிலுள்ள வேறொரு மின்சார அல்லது எரிவாயு விநியோக நிறுவனத்திடமிருந்து கடிதம் கொண்டுவர வேண்டும். இல்லையேல் தமது சொந்தச் செலவிலே கடன் பரிசோதனை செய்து திருப்திகரமான முடிவைக் காட்ட வேண்டும். குறைந்த வருமானமுடையோர் விலக்குக் கோரலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அப்படியொரு விலக்கு உண்டு என்பதே புதிதாக வந்தவருக்குத் தெரிந்திருப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். போரினால் குடாநாடே இருளில் மூழ்கியிருந்த 1990களின் ஆண்டுகள் நீங்கலாக, இலங்கை மின்சார சபைக்கு ஒரு மாதமேனும் தவறாமல் பணம் கட்டியவர். ஸ்காபுறோவில் அவருடைய பற்றுச்சீட்டுக் கட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. கனடாவிலே கொடுக்கப்பட்ட கடிதமாக இருக்க வேண்டுமாம்! முப்பது ஆண்டு ஒழுங்கைவிட ஆறு மாதம் பாவித்த கடனட்டை பெரிதாகிவிடுகின்றது.

இதன் விளைவு என்ன? மருமகனின் பெயரில் கைத்தொலைபேசி, மைத்துனரின் பெயரில் மின்சாரம் என்று ஆரம்பமாகின்றது வாழ்க்கை. பணம் கட்டுபவர் ஒருவர், நற்பெயர் சேர்வதோ இன்னொருவருக்கு. ஒரு மாதம் தவறினால் பெயர் கெடுவதும் அந்த இன்னொருவருக்குத்தான். உறவுகளுக்குள் எத்தனை மனக்கசப்புகள் இவ்வாறு தோன்றியுள்ளன என்பதைப் புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இந்த ஏட்டுக்கு ஒரு கண்தான் உண்டு. ஒழுங்காகச் செலுத்தப்பட்ட மின்சார, நீர்க் கட்டணங்கள் பெரும்பாலும் பெரிய கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கைகளில் ஏறுவதில்லை. தவறிய கட்டணம் கடன் அறவிடும் முகவரிடம் போனால் அது ஏறிவிடும். அந்த ஏடாவது பிழையற்றதா? ஐந்தில் ஒருவருடைய அறிக்கையில் திருத்தப்பட வேண்டிய பிழை இருந்தது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவே 2013 இல் வெளியிட்ட ஆய்வில் கூறியது.

புள்ளி குறைந்தவரிடம் கூடுதலாக அறவிடவும் செய்தார்கள். அன்றைய ஸ்பிரின்ற் தொலைபேசி நிறுவனம், புள்ளி குறைந்த வாடிக்கையாளரிடம் மாதந்தோறும் 7.99 டொலரை மேலதிகமாகப் பெற்றது. ஓராண்டுக்கு ஏறத்தாழ 96 டொலர்! அபராதமின்றி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளக்கூடிய காலம் கடந்த பின்னரே சிலருக்கு அறிவித்தல் கிடைத்தது. இதற்காக அந்நிறுவனம் 2015 இல் 29.5 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. ஆனால் கவனியுங்கள். ஏழையிடம் கூடுதலாக வாங்கியது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. உரிய முறையில் அறிவிக்காமல் வாங்கியதே குற்றமாயிற்று.

இதனினும் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. அமெரிக்கத் தொலைபேசி, மின்சார, நீர் நிறுவனங்கள் தமது வாடிக்கையாளரின் விபரங்களைப் பகிர்ந்துகொள்வதற்காக 1997 இல் தமக்கென ஓர் அமைப்பை உருவாக்கின. அதன் தரவுகளை நிர்வகிப்பது ஈக்குவிபக்ஸ். அங்கிருந்து பெயர்களும் முகவரிகளும் தொம்சன் ரொய்ட்டர்ஸ் நிறுவனத்தின் தேடல் சேவையொன்றுக்கு விற்கப்பட்டன. பத்திரிகையாளராகிய எமக்கு நன்கு அறிமுகமான ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் உரிமையாளரும் அதுவே. அமெரிக்கக் குடிவரவு, சுங்க அமுலாக்கப் பிரிவு அந்தச் சேவையைப் பயன்படுத்தி ஆட்களைத் தேடியதை 2021 பெப்ரவரியில் வோஷிங்ரன் போஸ்ட் வெளிப்படுத்தியது. 80க்கும் மேற்பட்ட நிறுவனங்களிலிருந்து திரட்டப்பட்ட 40 கோடிக்கும் அதிகமான பதிவுகள் அதில் இருந்தன. செனட்டர் ரொன் வைடனின் தலையீட்டின் பின்னர், அவ்வாண்டு டிசம்பரில் அந்த விற்பனை நிறுத்தப்பட்டமை தெரியவந்தது.

நீர்க்குழாய்க்காகக் கொடுத்த முகவரி நாடுகடத்தும் அதிகாரியின் கைக்குப் போயிருக்கின்றது. ஆட்பதிவும் பட்டியலும் எதற்குப் பயன்படும் என்பதைத் தம் வாழ்நாளிலேயே கண்ட மக்களுக்கு இதன் பொருளை எடுத்துச் சொல்லவும் வேண்டுமா?

எம்மை நம்பலாமா என்று தீர்ப்புச் சொல்லும் ஈக்குவிபக்ஸ் எத்தகைய நம்பிக்கைக்குரியது? மென்பொருள் ஓட்டையொன்றைக் காலத்தில் அடைக்காததால், 2017 இல் ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேருடைய அந்தரங்க விபரங்களை அது பறிகொடுத்தது. 2019 இல் 70 கோடி டொலர் வரை செலுத்த இணங்கி விடயத்தை முடித்துக்கொண்டது. கட்டணமொன்றைத் தவறவிட்ட ஏழையின் பெயரில் கறை ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கோடிக்கணக்கானோரின் விபரத்தைத் தவறவிட்ட நிறுவனமோ மறுநாளும் அதே தொழிலைச் செய்யும்.

நிறுவனங்களின் வாதத்தையும் கேட்போம். பணம் கட்டாமல் போகின்றவர்களால் ஏற்படும் இழப்பை ஒழுங்காகக் கட்டுபவர்களே சுமக்க நேரிடுகின்றது என்கிறார்கள். உண்மைதான். ஆயிரம் டொலர் பெறுமதியான கைத்தொலைபேசியைத் தவணைக்குக் கொடுப்பவர் கடன் வரலாற்றைப் பார்ப்பதிலும் தவறில்லை, ஏனெனில் அது கடன். ஆனால் மின்சாரமும் நீரும் தொலைபேசி இணைப்பும் அத்தகைய கடன்கள் அல்ல. இழப்பைத் தடுக்க வைப்புப் பணம் உண்டு, முன்கட்டணம் உண்டு. இலங்கையிலும் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கொடுகடன் தகவல் பணியகம் உருவாக்கப்பட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடன் கொடுக்குமுன் நாடுகின்ற இடம் அது. மின்விளக்கு ஏற்றுவதற்கு எவரும் அதன் வாசலுக்குப் போனதில்லை.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. அடிப்படைச் சேவைகளுக்குக் கடன் பரிசோதனை கூடாது. கருவிக்கான கடனையும் இணைப்பையும் வேறாக்க வேண்டும். எந்த நாட்டில் கட்டணம் செலுத்திய சான்றாயினும் ஏற்கப்பட வேண்டும். வைப்புப் பணம் கேட்பதாயின் தவணையில் பெற்று, வட்டியுடன் திருப்பித்தர வேண்டும். கனடாவில் 2013 இல் வெளியான கம்பியில்லாத் தொலைபேசிச் சேவைக் கோவை, வைப்புப் பணத்துக்குக் காரணம் சொல்லவும், ஆண்டுதோறும் மீளாய்வு செய்யவும், வட்டியுடன் திருப்பித்தரவும் ஏற்கனவே கட்டளையிட்டிருக்கின்றது. எனவே இது முடியாத காரியம் அன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, சேவைக்காகப் பெற்ற விபரம் எவருக்கும் விற்கப்படக் கூடாது.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் எம்மவர்கள் இன்று வாக்காளர்கள். பாராளுமன்றங்களிலும் நகரசபைகளிலும் தமிழர்கள் அமர்ந்திருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்கும் பாராட்டுக் கூட்டத்துக்கும் அவர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்துகின்றவர்கள், அடுத்த முறை இந்தக் கேள்வியையும் கையோடு எடுத்துச் செல்லட்டும். நேற்று வந்திறங்கிய குடும்பத்தின் வீட்டில் விளக்கெரிய, அது முதலில் கடனாளியாக வேண்டுமா?