உயரம் வேண்டாம், திருப்பினால் போதும்

கனடாவில் அமெச்சூர் றேடியோக்காரருக்குக் கிடைக்கிற ஆகக் குறைந்த அலைவரிசை 136 கிலோஹேர்ட்ஸ் பக்கம். அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 2200 மீற்றர். கால் அலைக் கம்பம் நட்டால் 550 மீற்றர் உயரம் வேணும். எங்கட மொன்றியல் மவுண்ட் றோயலே 233 மீற்றர்தான்!

ஆனால் கேட்கிறதுக்கு உயரமும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். அப்பார்ட்மென்றில எதிரி, சார்ஜரும் எல்ஈடி பல்பும் கிளப்புற இரைச்சல்தான். மரச்சட்டத்தில் சுற்றின கம்பிச்சுருளுக்கு ஒரு குணம்: அதின்ர தட்டை முகம் பார்க்கிற பக்கத்துச் சத்தத்தை எடுக்காது. முகத்தை இரைச்சல் பக்கம் திருப்பினால், புதைஞ்சு கிடந்த சிக்னல் மேல வரும்.

வீட்டுச் சின்ன ஏஎம் றேடியோவுக்குள்ளேயும் இப்படியொரு சுருள் இருக்கு. பனிக்கால இரவில் பிள்ளையளிட்டைக் குடுத்து மெல்லத் திருப்பச் சொல்லுங்கோ. நியூயோர்க் நிலையமும் எட்டலாம்.