பாசி மூடிய பவளத் தொட்டி

 

'மர்ஜான்' என்னும் சொல் நமக்குப் புதியதன்று. பவளம் என்று தமிழில் பெயர்க்கப்படும் இதனை, அருள்மறையின் அர்ரஹ்மான் அத்தியாயம் முத்துடன் சேர்த்து இறைவனின் அருட்கொடையாக எடுத்துரைக்கின்றது. அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில் 'மீஸான்' என்னும் தராசும், அதில் வரம்பு மீறலாகாது என்னும் எச்சரிக்கையும் இடம்பெறுகின்றன. பவளத்துக்கும் தராசுக்கும் உள்ள தொடர்பை ஒரு கண்ணாடித் தொட்டியிலேயே கண்டுகொள்ளலாம்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி கடலிலிருந்து பவளம் எடுப்பது குற்றமாகும். ஆனால் வெளிநாடுகள் பலவற்றில் உவர்நீர்த் தொட்டி அமைத்து உயிர்ப் பவளம் வளர்ப்போர் உளர். தொட்டி அமைத்த சில மாதங்களில் மயிரிழை போன்ற பச்சைப் பாசி கற்களை மூடிவிடுவதுண்டு. உரியவர் அதைப் பிடுங்கி எறிவார். மூன்று நாள் விளக்கை அணைத்து வைப்பார். பாசி மறையும், சில வாரங்களில் மீண்டும் வரும். சலிப்புற்று அப்படியே விட்டுவிடுவோரும் உண்டு. அதுவே அஞ்சத்தக்கது. தொட்டியில் உள்ளவை தப்பிச் செல்ல வழியற்ற உயிர்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் மடியவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த கதியை நபிமொழியில் நாம் படித்திருக்கின்றோம். அடைத்து வைத்த உயிர் அமானிதம். அதற்குக் கேள்வி உண்டு.

பாசி நம் பகையா? அன்று. பவளத்தின் உடலுக்குள்ளேயே நுண்பாசிகள் வாழ்ந்து, ஒளியைக் கொண்டு உணவு சமைத்து அதற்கு ஊட்டுகின்றன. பாசி இன்றேல் இத்தகைய பவளம் இல்லை. கேடு விளைவிப்பது அளவு மீறலே. மீன் தின்னாது விட்ட தீனியும் அதன் கழிவும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் தங்குகின்றன. குழாய்த் தண்ணீரும் இவற்றைக் கொண்டுவரலாம். அன்பினால் அள்ளிப் போட்ட தீனியே பாசிக்கு உரமாகின்றது.

கடலிலும் இதுவே நியதி. ஜமைக்காத் தீவின் பவளப் பாறைகளில் பாசியை மேயும் மீன்களை மனிதர் அளவின்றிப் பிடித்தனர். எஞ்சிய பணியைக் கடல் முள்ளெலிகள் செய்து வந்தன. 1980இல் கடும் சூறாவளி பாறைகளைச் சிதைத்தது. 1983இல் நோய் பரவி முள்ளெலிகளில் பெரும்பாலானவை மாண்டன. 1970களின் இறுதியில் பாதிக்கு மேல் பவளம் போர்த்திருந்த பாறைகளில், 1990களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கும் எஞ்சவில்லை. பாசியே ஆட்சி செய்தது.

ஆகவே தொட்டியைப் புதிதாய்த் தொடங்க விரும்புவோர் வேரிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் மீன்களையும் பவளங்களையும் அதே உப்பும் அதே வெப்பமும் உள்ள நீரில், நீரோட்டம் நிற்காத வேறொரு கலத்துக்கு மாற்றுக. கற்களை வெளியே எடுத்து, வாளி உப்புநீரில் தேய்த்து, அந்நீரைக் கொட்டிவிடுக. தொட்டிக்குள் தேய்த்தால் துணுக்குகள் பரவி மீண்டும் முளைக்கும். பாசி ஆழப் பற்றிய கற்களை, உப்புநீர் ஓடும் மூடிய கலத்தில் பல வாரம் இருளில் வைத்து, நீரை அவ்வப்போது மாற்றுக. ஒளியின்றிப் பாசி மடியும். கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் பிழைத்திருக்கும். பிளீச்சிங் கரைசலில் இட்டால் இரண்டும் அழியும். பாக்டீரியா மீண்டும் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரமேனும் காத்திருக்க நேரும். கழிவு தேங்கிய பழைய மணலை நீக்கி, சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்பு கரைத்து நிரப்புக. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் அறவே இல்லை என்றான பின்னரே உயிர்களை மீளவிடுக. மேயும் நத்தைகள் முதலில் வரட்டும். மீன்கள் ஒவ்வொன்றாக வரட்டும். தொடக்கத்தில் பழுப்புப் படலம் தோன்றினால் அஞ்ச வேண்டா. பெரும்பாலும் அது தானே நீங்கும்.

நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அடியோடு ஒழிக்கவும் முனையாதீர்கள். அவை அறவே அற்ற நீரில் பவளம் வெளிறும்; பழுப்புச் சளி போன்ற வேறொரு நுண்ணுயிர் தலைதூக்கும். தராசின் இரு தட்டுகளிலும் வரம்பு உண்டு.

தவ்பாவுக்கு உலமாக்கள் கூறும் நிபந்தனைகளை நீங்கள் அறிவீர்கள்: பாவத்தை உடனே விடுதல், செய்ததற்கு வருந்துதல், மீண்டும் செய்யேன் என உறுதி பூணுதல். பாசியைச் சுரண்டி எறிவது முதற்படி மட்டுமே. சில நிமிடங்களில் மீன் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் தீனி போடாது கையை அடக்குவதே அந்த மூன்றாம் நிபந்தனை. அதனைப் பேணுவோரின் தொட்டியில், இன்ஷா அல்லாஹ், மர்ஜான் மீண்டும் மலரும்.